தியரியில் 14 வாங்கினால்?
பிளஸ் டூ தேர்ச்சியும் அதற்குப் பிறகும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, சயின்ஸ் குரூப். பிராக்டிகல், இன்டர்னல் இரண்டிலும் சேர்த்து 30 மார்க் வந்துவிடும், தியரியில் அஞ்சு வாங்கினாலே பாஸ் என்கிறான். உண்மையா?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: இல்லையம்மா. இதை நம்பித்தான் பல பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். பிராக்டிகல் உள்ள பாடத்தில் தியரி 70, பிராக்டிகல் 20, இன்டர்னல் 10. இந்த நூறில் 35 வர வேண்டும். அந்த 35க்குள் தியரியில் மட்டும் 15 இருந்தே ஆக வேண்டும். வேதியியலில் உங்கள் மகன் பிராக்டிகலில் 20, இன்டர்னலில் 10, தியரியில் 14 வாங்கினால் கூட்டினால் 44 வரும். ஆனாலும் ஃபெயில்தான்.

தமிழ், ஆங்கிலம், கணக்கு போன்ற பாடங்களில் தியரி 90, இன்டர்னல் 10. அங்கே தியரியில் குறைந்தது 25 வேண்டும். ஆனால் 25 எடுத்தால் மட்டும் போதாது. இன்டர்னலில் 8 போட்டிருந்தால் மொத்தம் 33, தேர்ச்சி கிடையாது. கணக்கில் தடுமாறுகிற பிள்ளை 30ஐக் குறிவைத்துப் படிக்கட்டும். இன்டர்னல் மார்க் வருகைப்பதிவு, பள்ளித் தேர்வுகள், ஒப்படைவு இவற்றிலிருந்து வருவது. மழையில் பஸ் வரவில்லை என்று லீவு எடுக்கும் நாளும் அதில் கழியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பாஸ் ஆனால் இன்ஜினியரிங் சேர்ந்துவிடலாம் என்பதும் தவறு. கட்-ஆஃப் 200க்குக் கணக்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மூன்றிலும் 35 வாங்கியவருக்கு 35 + 17.5 + 17.5, ஆக 70. கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்கவே பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் இந்த மூன்று பாடங்களில் சராசரியாக 40 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம்.

கேள்வி: நாங்கள் இருளர். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குப் போகிற முதல் ஆள் அவள்தான். என்னென்ன சர்டிபிகேட் வேண்டும், எப்போது வாங்குவது?
– தோட்டத் தொழிலாளி, குன்னூர் வட்டம்

பதில்: இப்போதே தொடங்குங்கள் ஐயா. உங்களுக்கு நேரம் எடுக்கப்போவது சாதிச் சான்றிதழ். எஸ்.சி.க்குத் தாசில்தார் கொடுப்பார், எஸ்.டி.க்குக் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். உங்களுக்குக் குன்னூர் கோட்டாட்சியர் அலுவலகம். ஈ-சேவை மையத்தில் பதிந்த மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் எல்லாரையும் தாண்டித்தான் அங்கே போகும், நேரில் விசாரணையும் நடக்கும். உங்களுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் நகலை வையுங்கள், வேலை சுருக்கமாக முடியும். பள்ளிப் பதிவேட்டில் வெறும் 'எஸ்.டி.' என்று இருக்கிறதா, 'இருளர்' என்றே எழுதியிருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

வருமானச் சான்றிதழை இப்போது வாங்க வேண்டாம். அது ஓராண்டுதான் செல்லும். பரீட்சை முடிந்த ஏப்ரலில் எடுத்தால் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் சரியாக இருக்கும். முதல் பட்டதாரி சான்றிதழையும் அப்போதே வாங்கிவிடலாம். ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

மகள் பேரிலேயே ஒரு வங்கிக் கணக்கு, ஆதார் இணைத்து, தொடங்கிவிடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அந்தக் கணக்குக்குத்தான் வரும். காலேஜில் சேர்ந்த பிறகு காலேஜ் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: மகன் எட்டு, ஒன்பது, பத்து வயநாட்டில் படித்தான். பிளஸ் ஒன்னுக்குப் பந்தலூர் அரசுப் பள்ளிக்கு வந்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா?
– வாசகர், பந்தலூர்

பதில்: கிடைக்காது. அதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவர்களுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் இருப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. உங்கள் மகனுக்குத் தேவை. அதை இப்போதே எடுத்து வையுங்கள்.

கேள்வி: தம்பி பிளஸ் டூவில் இயற்பியலில் மட்டும் ஃபெயில். திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று நிற்கிறான்.
– அக்கா, ஊட்டி

பதில்: இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லுங்கம்மா. துணைத்தேர்வில் அந்த ஒரு பாடத்தை மட்டும் எழுதினால் போதும், பாஸான பாடங்களின் மார்க் அப்படியே நிற்கும். ரிசல்ட் வந்த சில நாளிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும், படித்த பள்ளியிலேயே கேட்கலாம். மார்க்கில் சந்தேகம் இருந்தால் முதலில் விடைத்தாள் நகல் வாங்குங்கள், அதைப் பார்த்த பிறகே மறுமதிப்பீடு கேட்க முடியும். நகல் வந்ததும் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டி, எந்தக் கேள்விக்கு மார்க் விட்டுப்போனது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மறுமதிப்பீட்டில் மார்க் குறையவும் செய்யும்.

படிப்பே வேண்டாம் என்று அடம்பிடித்தால், பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்தே குன்னூர் அரசு ஐ.டி.ஐ.யில் சேரலாம். அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பாலிடெக்னிக் முதலாண்டும் பத்தாம் வகுப்பு மார்க்கில்தான். எதில் சேர்ந்தாலும் துணைத்தேர்வை எழுதச் சொல்லுங்கள். டி.சி.யை ஒரிஜினலாக வாங்கிக்கொள்வார்கள், கொடுப்பதற்கு முன் நாலு நகல் எடுத்து வையுங்கள்.