நூறு கீயிலிருந்து எட்டு பட்டனுக்கு: விண்வெளிச் சண்டை கேம்கள், கேள்வி பதில்

கம்ப்யூட்டரிலும் ஆர்கேடிலும் பிறந்த பழைய விண்வெளிச் சண்டை கேம்கள் கன்சோலுக்குக் குடிபோனபோது (இதைத்தான் போர்ட் என்பார்கள்) என்னவெல்லாம் மாறின என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சிலதுக்கு நீளமாகவே பதில் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, போர்ட் பண்ணும்போது முதல்ல அடி வாங்குறது கிராபிக்ஸ்தானே?

இல்லை தம்பி, கீபோர்டுதான். 1993-இல் கம்ப்யூட்டருக்கு வந்த ஸ்டார் வார்ஸ் கேமான எக்ஸ்-விங்கை எடுத்துக்கொள். ஜாய்ஸ்டிக்கில் பறப்போம், சுடுவோம். மீதி வேலை எல்லாம் கீபோர்டில். டி-யைத் தட்டினால் அடுத்த டார்கெட். என்டர் அடித்தால் எதிரியின் வேகத்துக்கு நம் வேகம் இறங்கி நிற்கும். எஃப்9 லேசருக்கு எவ்வளவு மின்சக்தி போக வேண்டும் என்பதற்கு, எஃப்10 ஷீல்டுக்கு. பேக்ஸ்பேஸ் அடித்தால் முழு வேகம்.

இதில் ஒவ்வொரு கீயும் ஒரு முடிவு. துரத்துகிறவனிடமிருந்து தப்ப லேசரைப் பட்டினி போட்டு வேகத்தைக் கூட்டுவதா, ஷீல்டை நிரப்பிக்கொண்டு திரும்பி நின்று மோதுவதா? நடுச்சண்டையில் இதை யோசிப்பதுதான் அந்த கேமின் ருசி. சூப்பர் நின்டெண்டோ கேம்பேடில் ஸ்டார்ட், செலக்ட் உட்பட எட்டு பட்டன், திசைக்குச் சிலுவை வடிவில் ஒரு டி-பேட், அவ்வளவுதான். அதற்கு முந்தைய என்இஎஸ்-இல் நாலே பட்டன். போர்ட் செய்கிறவர் எந்த கீயை விடலாம் என்று பார்க்கும்போது, ஆடுகிறவன் எந்த முடிவை இனி எடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறார். பெட்டியின் பின்பக்கப் படங்களைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஆடிப் பார்த்தால்தான் தெரியும்.

எக்ஸ்-விங்குக்கு அடுத்து வந்த டை ஃபைட்டர் ஏன் கன்சோலில் வரவே இல்லை?

மேலே சொன்னதை வைத்து நீங்களே ஊகிக்கலாம். கன்சோல்காரர்களுக்குக் கிடைத்தது 1998-இல் நின்டெண்டோ 64-க்கு வந்த இன்னொரு ஸ்டார் வார்ஸ் கேம், ரோக் ஸ்க்வாட்ரன். கம்ப்யூட்டரிலும் வந்தது. அதே விமானம், அதே லேசர் சத்தம். ஆனால் காமிரா விமானத்துக்குப் பின்னால், சண்டை பெரும்பாலும் தரைக்கு மேலே, மின்சக்தி பங்கீடு என்ற பேச்சே கிடையாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அருமையான கேம் அது. எக்ஸ்-விங்கைச் சுருக்காமல் கேம்பேடை மனதில் வைத்துப் புதிதாகவே செய்தார்கள், அதனால்தான் நன்றாக வந்தது.

சார், எலைட்டை நின்டெண்டோவின் என்இஎஸ்-இல் விட்டார்களாமே? அதற்குள் எப்படி அடைத்தார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி. டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 1984-இல் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்கு எழுதியது எலைட், விண்வெளியில் வியாபாரமும் சண்டையும் செய்யும் கேம். அந்தக் கம்ப்யூட்டரின் நினைவகமே 32 கிலோபைட். எட்டு கேலக்ஸி, ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திர மண்டலம், மொத்தம் 2048. இவற்றை எங்கும் எழுதி வைக்கவில்லை. சில விதை எண்களிலிருந்து தேவைப்படும்போது கணக்குப் போட்டு உருவாக்கிக்கொள்ளும். அதனால் 1991-இல் என்இஎஸ்-க்குப் போனபோது இவ்வளவு பெரிய பிரபஞ்சத்தைத் தூக்கிப் போவதில் சிக்கல் இல்லை. ஒரு கோடு போடுவதில்தான் சிக்கல்!

பிபிசி மைக்ரோவில் எந்தப் புள்ளியை வேண்டுமானாலும் நேரடியாக ஏற்றலாம், அணைக்கலாம். என்இஎஸ்-இல் முடியாது. அதன் திரை 8-க்கு 8 புள்ளி கொண்ட சின்னச் சின்ன ஓடுகளால் ஆனது. அகலத்தில் 32, உயரத்தில் 30, ஆக 960 இடம். ஆனால் ஒரு நேரத்தில் ஓடுகளின் பட்டியலில் இருக்கக்கூடிய வெவ்வேறு ஓடுகள் 256-தான். கோலம் போடச் சொல்லிவிட்டு, கையில் மாவுக்குப் பதில் அச்சுக்கட்டைகளைக் கொடுத்த மாதிரி.

இங்கே விண்வெளியே கை கொடுத்தது. திரையில் பெரும்பகுதி வெறும் கறுப்பு. அத்தனை கறுப்பு இடத்துக்கும் ஒரே ஒரு காலி ஓடு போதும். ஒரு கப்பலின் கோடு எந்தெந்த இடத்தின் வழியாகப் போகிறதோ அங்கே மட்டும் புது ஓடு ஒன்றை ஒதுக்கி, அதில் புள்ளிகளை வரைய வேண்டும். அடுத்த பிரேமில் கப்பல் நகர்ந்தால் திரும்பவும் முதலிலிருந்து. வரைந்ததைப் பட நினைவகத்துக்கு அனுப்பவும் எல்லா நேரத்திலும் முடியாது. ஒரு படத்தை வரைந்து முடித்து டிவி மேலே திரும்பும் சின்ன இடைவெளியில்தான் அனுப்ப வேண்டும். அமெரிக்க, ஜப்பானிய டிவி முறையில் அந்த இடைவெளி சுமார் 20 வரி நேரம், ஐரோப்பிய முறையில் 70 வரி. எலைட் வெளியானதும் ஐரோப்பாவில் மட்டும்.

கீபோர்டுக்கு என்ன செய்தார்கள்? திரையின் அடியில் ஒரு ஐகான் வரிசை. அதில் சுட்டியை நகர்த்தி வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சந்தையில் வாங்கி விற்கும்போது கீபோர்டை விட இதுவே சுகம் என்பேன். ஆனால் கடற்கொள்ளையன் மாதிரி ஒருவன் பின்னால் வந்து சுடும்போது ஏவுகணை ஐகான் வரை சுட்டியை ஓட்டிப் பாருங்கள், உயிர் போய்விடும். கீபோர்டில் அது ஒரு தட்டு.

சரக்குப் பட்டியலையும் கழுவித் துடைத்தார்கள். அடிமைகள் ‘ரோபோ அடிமைகள்’ ஆனார்கள், போதைப்பொருள் ‘அரிய உயிரினங்கள்’ ஆயிற்று, மது ‘பானங்கள்’ ஆயிற்று. அரிய உயிரினங்களைக் கடத்துவது மட்டும் எப்படி நல்ல பிள்ளை வேலையாகும் என்று அன்றே யாராவது கேட்டிருக்கலாம்.

விங் கமாண்டர்: சூப்பர் நின்டெண்டோ, சேகா சிடி, 3டிஓ. மூன்றில் எது?

மூன்றும் மூன்று மாதிரி. கிறிஸ் ராபர்ட்ஸ் ஆரிஜினில் செய்த மூலம் 1990. அதில் கப்பல்கள் முப்பரிமாண உருவங்கள் அல்ல. பல கோணங்களில் முன்கூட்டியே வரைந்து வைத்த படங்கள். எதிரி நெருங்க நெருங்க அந்தப் படத்தைப் பெரிதாக்குவது கம்ப்யூட்டரின் பிராசசர்.

சூப்பர் நின்டெண்டோவுக்கு 1992-இல் வந்தது. அந்தக் கன்சோலுக்குப் படத்தைச் சுழற்றவும் பெரிதாக்கவும் தெரியும் என்று அப்போது ஒரே பெருமை. மோட் 7 என்பார்கள். ஆனால் அது பின்னணி அடுக்கு ஒன்றுக்குத்தான். ஸ்பிரைட்டுகளை, அதாவது திரையில் தனியாக நகரும் படங்களை, அது தொடாது. ஆக நமக்குத் தேவையான இடத்தில் அந்த வித்தை உதவாது. 3.58 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் தலையில்தான் எல்லாம் விழுந்தது. எதிரிகள் கூட்டம் சேர்ந்தால் திணறும். சேகா சிடிக்கு 1994-இல் வந்தபோது ஸ்பிரைட்டைப் பெரிதாக்கவும் சுழற்றவும் வன்பொருளே இருந்தது, சிடியில் இடமும் இருந்ததால் பாத்திரங்கள் வாய் திறந்து பேசினார்கள். அதே ஆண்டு 3டிஓ-வில் சூப்பர் விங் கமாண்டர் என்ற பெயரில் கப்பல், முகம் எல்லாவற்றையும் புதிதாக வரைந்தார்கள்.

என் ஓட்டு சேகா சிடிக்கு. 3டிஓ-வில் ஆடினால் தெரிந்த வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிற மாதிரி ஓர் உணர்வு.

கன்சோலுக்குப் போனதில் நல்லதே நடக்கவில்லையா?

நடந்தது. அதே விங் கமாண்டரை 486 கம்ப்யூட்டரில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். வேகமான பிராசசரில் கேமும் தறிகெட்டு ஓடும், சுடுவதற்குள் எதிரி கடந்து போயிருப்பான். பழைய, மெதுவான இயந்திரத்துக்கு அளந்து எழுதியதால் வந்த வினை. கன்சோலில் எல்லோர் கையிலும் ஒரே பெட்டி, ஒரே வேகம். கடினம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று செய்தவர் நினைத்தாரோ அதுவேதான் ஆடுகிறவனுக்கும் கிடைக்கும். ஐரோப்பாவின் 50 ஹெர்ட்ஸ் டிவி மட்டும் விதிவிலக்கு. 60 ஹெர்ட்ஸுக்கு எழுதி அப்படியே விட்ட கேம்கள் அங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின.

டி-பேடில் குறி வைக்கவே முடியவில்லை. எனக்குத்தான் கை வரவில்லையா?

உங்கள் கையில் குறையில்லை. ஜாய்ஸ்டிக்கை லேசாகச் சாய்த்தால் லேசாகத் திரும்பும். டி-பேடுக்கு அழுத்தினாயா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். குறி எதிரிக்கு இடதில் நிற்கும், வலது தட்டினால் தாண்டிப் போகும், இடது தட்டினால் இந்தப் பக்கம் தாண்டும். நானும் ஒரு பழைய டிவி முன்னால் இப்படி ஒரே எதிரியைச் சுற்றி உழுதுகொண்டிருந்திருக்கிறேன். இதற்கு இரண்டு வைத்தியம். ஒன்று, பட்டனை அழுத்திப் பிடிக்கப் பிடிக்கத் திரும்பும் வேகம் படிப்படியாகக் கூடும்படி செய்வது. இன்னொன்று, குண்டு எதிரியை உரசிப் போனாலே பட்டதாகக் கணக்கு வைப்பது. இரண்டாவது உங்களைத் தெரியாமலே கெட்டிக்காரராக்கும்.

நின்டெண்டோ 64 (1996), பிளேஸ்டேஷனின் டூயல்ஷாக் (1997) இவற்றோடு, எவ்வளவு சாய்த்தோம் என்பதையும் அறியும் அனலாக் ஸ்டிக் பரவியபின் நிலைமை மாறியது. 1997-இல் சிக்னோசிஸ் செய்த காலனி வார்ஸ் பிளேஸ்டேஷனுக்கென்றே பிறந்தது. போர்ட் இல்லை என்பது ஆடத் தொடங்கிய சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஸ்டார் ஃபாக்ஸ் இந்தக் கணக்கில் வருமா?

வராது. 1993-இல் சூப்பர் நின்டெண்டோவுக்கே பிறந்தது, கார்ட்ரிட்ஜுக்குள் சூப்பர் எஃப்எக்ஸ் என்ற தனி சிப்போடு. போகும் பாதையை கேமே தீர்மானிக்கும். தண்டவாளத்தில் ஓடும் ரயிலின் சன்னலிலிருந்து சுடுவது மாதிரி.

ஆஸ்டராய்ட்ஸ்?

விண்பாறைகளைச் சுட்டு உடைக்கும் கேம். ஆர்கேடில் ஐந்து பட்டன், மின்னும் கோடுகளால் வரையும் திரை. அட்டாரி 2600 கன்சோலில் ஒரு பட்டன் உள்ள ஜாய்ஸ்டிக். கோட்டுப் பாறைகள் வண்ணக் கட்டிகளாயின. மேலே தள்ளினால் உந்துதல், கீழே இழுத்தால் ஹைப்பர்ஸ்பேஸ். பதற்றத்தில் ஸ்டிக்கை இழுத்து, எங்கோ மறைந்து, பாறை நடுவிலேயே முளைத்துச் சாவது இந்த போர்ட்டின் தனிச் சிறப்பு.

பழைய எலைட்டின் வாரிசான எலைட் டேஞ்சரஸ் கேம்பேடிலும் நன்றாகத்தானே இருக்கிறது? அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. மின்சக்தியை ஆறு புள்ளிகளாக வைத்து, ஷீல்டு, எஞ்சின், ஆயுதம் மூன்றுக்கும் பங்கிட வேண்டும். அதை டி-பேடின் மூன்று திசைகளில் வைத்தார்கள், நான்காவது திசை எல்லாவற்றையும் சமமாக்கும். ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு டி-பேடைத் தட்டினால் வேறு வேலை. பியானோவில் சில கட்டைகளைச் சேர்த்து அழுத்துகிற மாதிரி. முதல் ஒரு வாரம் லேண்டிங் கியருக்குப் பதில் விளக்கை ஏற்றிக்கொண்டிருப்பீர்கள், பிறகு விரலே பார்த்துக்கொள்ளும். எந்த முடிவையும் வெட்டவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது.

ஆனால் கன்சோல்காரர்களை வேறு வழியில் விட்டுவிட்டுப் போனார்கள். 2021-இல் கம்ப்யூட்டருக்கு வந்த ஒடிசி விரிவாக்கம் கன்சோலுக்கு வராது என்று 2022 மார்ச்சில் அறிவித்தார்கள். அன்றிலிருந்து கதை ஒரு பக்கம் நகர்கிறது, கன்சோல் பழைய பதிப்போடு நிற்கிறது.

பட்டனைக் குறைக்காமலே கொண்டுபோன பழைய போர்ட் ஏதாவது உண்டா?

உண்டு, கேட்டால் சிரிப்பீர்கள். 1970-களின் முடிவில் டக் நியூபாவர் அட்டாரி கம்ப்யூட்டருக்கு எழுதிய ஸ்டார் ரெய்டர்ஸ். எட்டே கிலோபைட்டில் கேலக்ஸி வரைபடம், ஷீல்டு, ஹைப்பர்வார்ப், முன்பார்வை, பின்பார்வை எல்லாம் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கீபோர்டில் ஒரு கீ. 1982-இல் இதை அட்டாரி 2600-க்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கன்சோலின் நினைவகம் 128 பைட், ஜாய்ஸ்டிக்கில் ஒரு பட்டன். என்ன செய்வது? கேமோடு சேர்த்துப் பன்னிரண்டு பட்டன் உள்ள ஒரு தட்டையும் பெட்டிக்குள் வைத்து விற்றுவிட்டார்கள். எந்தப் பட்டன் எதற்கு என்று மேலே ஓர் உறை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2600-இன் ஜாய்ஸ்டிக்கை ஒரு கையால் அடியில் பிடித்து மறு கையால் ஆட்ட வேண்டும். தட்டை யார் அழுத்துவது? பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து “ஷீல்டு போடு, ஷீல்டு போடு!” என்று கத்தினால் சரியாக வரும்.