ரே தனி ஆள் இல்லை

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து காசு போட்டு ஒரு சுயாதீனப் படம் எடுக்கிறோம். கதை, இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், இசை எல்லாம் நானே செய்யப்போகிறேன். நண்பர்கள் வருத்தப்படுகிறார்கள். சத்யஜித் ரேயும் தனி ஆளாகத்தானே ‘பதேர் பாஞ்சாலி’யை எடுத்தார்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லவே இல்லை. நண்பர்கள் வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது.

1952 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கியபோது ரே ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியர். கேமராவைப் பிடித்த சுப்ரதா மித்ராவுக்கு இருபதைத் தாண்டி ஓரிரு வயதுதான். அதற்குமுன் சினிமா கேமராவைத் தொட்டு வேலை செய்ததில்லை. பிரெஞ்சு இயக்குநர் ரெனுவார் வங்காளத்தில் ஒரு படம் எடுத்தபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அந்த ரெனுவார் படத்தில் கலைப் பிரிவில் வேலை செய்தவர். எடிட்டிங் துலால் தத்தா.

படத்தின் குழந்தைகள் அப்புவும் அக்கா துர்காவும் ரயிலைத் தேடிப் போகும் நாணல் பூக்காட்டில்தான் ஆரம்பித்தார்கள். கொஞ்சம் எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால் பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்கிற பருவம் வரைக்கும் அந்தக் காட்சி காத்திருந்தது. அப்புறம் காசு தீர்ந்தது. ரேயின் மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக்குப் போயின. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்துத்தான் படம் முடிந்தது, 1955இல் வெளிவந்தது. வேலை நின்றுபோன அந்த மாதங்களில் இந்த ஆட்கள் கலைந்துபோயிருந்தால் ரேயின் கையில் ஒரு படக்குறிப்பு நோட்டுதான் மிஞ்சியிருக்கும்.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது அடுத்த படமான ‘அபராஜிதோ’வில் நடந்ததை. காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் செட்டாகப் போட வேண்டியிருந்தது. திறந்த முற்றத்தில் மேலிருந்து இறங்கும் நிழல் விழாத வெளிச்சத்தை ஸ்டூடியோ விளக்கில் கொண்டுவரவே முடியாது என்று மித்ரா வாதாடினார். ரேயும் சந்திரகுப்தாவும் செட்தான் என்று உறுதியாக நின்றார்கள். சரி என்று இறங்கிய மித்ரா, செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து விளக்கை அதில் அடித்து, திரும்பி விழும் வெளிச்சத்தில் படம் பிடித்தார். பார்க்கிறவர்களுக்கு அது காசியின் பகல்தான். எல்லாவற்றையும் ஒருவரே செய்திருந்தால், முடியாது என்று சொல்ல அங்கே யார் இருந்திருப்பார்கள்? அந்தத் துணி எப்படி வந்திருக்கும்?

‘பதேர் பாஞ்சாலி’யின் இசைக்கு வாருங்கள். இசையமைத்த சிதார் கலைஞர் ரவிசங்கருக்குக் கிடைத்தது ஒரே அமர்வு. விடிய விடிய வாசித்துப் பதிவு செய்தார்கள். விட்டுப்போன இடத்தில், மிட்டாய்க்காரர் பின்னால் குழந்தைகள் ஓடும் காட்சிக்கு, சிதார் வாசித்தவர் அதே ஒளிப்பதிவாளர் மித்ரா!

ரே பிற்பாடு இசையமைத்தார், கேமராவையும் தானே இயக்கினார். உண்மைதான். அது அறுபதுகளில், இவர்களோடு பல படங்கள் செய்த பிறகு.

உங்கள் கடிதத்தில் நண்பர்கள் காசு போட்டது இருக்கிறது. அவர்களில் யாருக்கு வெளிச்சம் தெரியும், யாருக்குக் காது நன்றாக இருக்கிறது என்பது இல்லை. அதைக் கண்டுபிடித்து, வேலையைப் பிரித்துக்கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.