ஆண்டு விழா ஒத்திகையும் பருவத் தேர்வும்: தவறிய வகுப்புகளில் எதை ஈடுசெய்ய வேண்டும்?

கேள்வி: என் மகள் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வரும் ஆறு வாரங்களில் அறிவியல் கண்காட்சி, களப்பயணம், விளையாட்டு விழா, ஆண்டு விழா என்று அடுத்தடுத்து நிகழ்ச்சிகள் இருக்கின்றன. அவை முடிந்து பத்தே நாளில் பருவத் தேர்வு தொடங்குகிறது. ஆண்டு விழா நாடகத்தில் அவளுக்கு முக்கிய வேடம் கிடைத்திருப்பதால், வாரத்தில் மூன்று நாள் பிற்பகல் பாடவேளைகள் ஒத்திகையில் கழிகின்றன. கணக்கில் அவள் ஏற்கெனவே சற்றுத் தடுமாறுகிறாள். நாடகத்திலிருந்து விலக்கிவிடலாமா? விலக்காவிட்டால் வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இப்போதைக்கு விலக்க வேண்டாம். ஆனால், "எத்தனை பாடவேளைகள் போகின்றன" என்று கணக்கிடுவதை நிறுத்திவிட்டு, "எந்தப் பாடத்தில் எந்தப் பகுதி போகிறது" என்று பார்க்கத் தொடங்குங்கள். தவறும் வகுப்புகள் எல்லாம் ஒரே மதிப்புடையவை அல்ல. வரலாற்றுப் பாடத்தில் ஒரு வகுப்பு தவறினால், பெரும்பாலும் அந்தப் பக்கங்களை நிதானமாகப் படித்து, நடந்தவற்றைச் சொந்த வாக்கியங்களில் சொல்லிப் பார்த்தாலே போதும். கணக்கிலும் மொழிப் பாடத்தின் இலக்கணப் பகுதியிலும் அப்படி முடியாது. அங்கே ஒவ்வொரு கருத்தும் முந்தைய கருத்தின் மேல் நிற்கிறது என்பதால், ஒரு வகுப்பில் விட்டது அந்த வாரத்தோடு முடிவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். குறை எண்ணைக் கழித்தால் அது கூட்டலாக மாறுவது ஏன் என்று ஆசிரியர் விளக்கிய நாளில் உங்கள் மகள் ஒத்திகையில் இருந்தாள் என்று கொள்வோம். 5 − (−3) என்பதன் விடை 8 என்று தோழியின் குறிப்பேட்டைப் பார்த்து அவள் எழுதிக்கொள்வாள். ஆனால் காரணம் அவளிடம் இருக்காது. சில வாரங்களுக்குப் பிறகு 3x − (−6) = 21 என்ற சமன்பாடு வரும்போது, உள்ளே இருக்கும் குறைக் குறியைக் கவனிக்காமல் 3x − 6 = 21 என்று எடுத்துக்கொண்டு, x = 5 என்று வர வேண்டிய இடத்தில் x = 9 என்று எழுதுவாள். விடைத்தாளைப் பார்ப்பவர்களுக்கு அவளுக்குச் சமன்பாடு புரியவில்லை என்றே தோன்றும், நீங்களும் சமன்பாட்டையே திரும்பத் திரும்பப் போட வைப்பீர்கள். உண்மையான ஓட்டையோ பல வாரங்களுக்கு முன்பு தவறவிட்ட ஒரே ஒரு பாடவேளையில் இருக்கிறது. ஏழாம் வகுப்பை ஒட்டிய கணக்குப் பாடத்தில் முழுக்கள், பின்னங்கள், விகிதம், எளிய சமன்பாடுகள் ஆகியவை இத்தகைய சங்கிலிப் பகுதிகள். வடிவியலில் சில பகுதிகளும் தரவுகளைப் பட்டை வரைபடமாக்குவது போன்றவையும் ஓரளவு தனித்து நிற்பவை. அவற்றைப் பிறகும் பிடித்துக்கொள்ளலாம்.

ஆகவே இந்த வாரமே செய்ய வேண்டிய முதல் வேலை, பாடவேளை அட்டவணையை எடுத்து ஒத்திகை நடக்கும் மூன்று பிற்பகல்களிலும் எந்தப் பாடங்கள் வருகின்றன என்று குறித்துக்கொள்வது. பிறகு வகுப்பு ஆசிரியரிடமும் கணக்கு ஆசிரியரிடமும், அடுத்த ஆறு வாரங்களில் புதிய கருத்துகளை அறிமுகப்படுத்தும் வகுப்புகள் எப்போது வருகின்றன என்று கேளுங்கள். ஆசிரியர்களிடம் பாடத் திட்டம் இருக்கும். நாள் துல்லியமாகத் தெரியாவிட்டாலும் வாரம் தெரியும். "அந்த ஒரு நாள் மட்டும் முதல் பாடவேளை முடிந்து ஒத்திகைக்கு வரலாமா?" என்ற கோரிக்கையைப் பெரும்பாலான ஆசிரியர்கள் ஏற்பார்கள். "ஒத்திகையால் படிப்பு கெடுகிறது" என்று பொதுவாகப் போய்ச் சொன்னால் நாடகத்தைப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியருக்கும் கணக்கு ஆசிரியருக்கும் நடுவே உங்கள் மகள் நிற்க வேண்டியிருக்கும். குறிப்பிட்ட நாளைச் சொல்லி, குறிப்பிட்ட பாடத்தைச் சொல்லிக் கேட்பதே பலன் தரும். (கண்காட்சியையும் ஆண்டு விழாவையும் தேர்வையும் ஒரே காலத்தில் நெருக்கி வைக்கும் பள்ளிகளின் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று, ஆனால் அதைப் பெற்றோர் கூட்டத்தில் அடுத்த ஆண்டுக்காகப் பேசலாமே தவிர, இந்த ஆறு வாரங்களில் அதனால் பயன் இல்லை.)

அடுத்தது, தவறிய வகுப்பை ஈடுசெய்யும் முறை. குறிப்பேட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வாங்கி, அதைப் பார்த்து எழுதி முடிப்பதைத்தான் பல வீடுகளில் ஈடுசெய்தல் என்று கருதுகிறார்கள். அது குறிப்பேட்டை நிரப்புகிறது, அவ்வளவுதான். கணக்கைப் பொறுத்தவரை, ஏற்கெனவே படிப்படியாகச் செய்து முடிக்கப்பட்ட ஒரு கணக்கை எடுத்து, ஒவ்வொரு வரியிலும் "இது ஏன் இப்படி மாறியது?" என்று அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பிறகு அதை மூடிவைத்துவிட்டுத் தானாகச் செய்ய வேண்டும், அதன் பிறகு எண்கள் மாறிய இரண்டு மூன்று கணக்குகளைச் செய்ய வேண்டும். எந்த வரியில் காரணம் சொல்ல முடியவில்லையோ அந்த வரியைக் குறித்துக்கொண்டு, மறுநாள் ஆசிரியரிடம் அதை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். "நேற்று நடத்தியது புரியவில்லை" என்று வரும் மாணவிக்கு ஆசிரியரால் ஐந்து நிமிடத்தில் உதவ முடியாது, "இந்த மூன்றாவது வரி எப்படி வந்தது?" என்று கேட்பவளுக்கு முடியும்.

படித்ததை நினைவில் நிறுத்துவது எப்படி என்பதை உங்கள் மகள் ஏற்கெனவே நாடகத்தில் செய்துகொண்டிருக்கிறாள் என்பதைக் கவனித்தீர்களா? வசனத்தை அவள் பத்து முறை படித்துவிட்டு மேடை ஏறுவதில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிப் பார்க்கிறாள், தடுமாறும் இடத்தில் யாராவது எடுத்துக்கொடுக்கிறார்கள், மறுநாள் மீண்டும் சொல்லிப் பார்க்கிறாள். பாடத்துக்கும் இதே முறைதான் பொருந்தும். ரோடிகர், கார்பிக் என்னும் இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் ஓர் உரைப்பகுதியைத் திரும்பவும் படித்தார்கள், மற்றோர் உரைப்பகுதியை ஒரு முறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்த பகுதியே சற்றுக் கூடுதலாக நினைவிருந்தது; ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்த பகுதியில் 56 விழுக்காடும் திரும்பப் படித்த பகுதியில் 42 விழுக்காடும் நினைவிருந்தது. "நேற்று இரவு நன்றாகத்தானே ஒப்பித்தாள், தேர்வில் ஏன் மறந்தாள்?" என்று பெற்றோர் கேட்பதற்கான விளக்கத்தில் பெரும்பகுதி இதில் இருக்கிறது.

உங்களுக்கு ஆறு வாரத்துக்கு மேல் காலம் இருப்பதால் இடைவெளியையும் பயன்படுத்திக்கொள்ளலாம். செபெடாவும் அவருடைய குழுவினரும் 2008-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இணையவழி நடத்திய ஆய்வில், ஒரு வாரம் கழித்து நினைவில் இருக்க வேண்டியதை ஓரிரு நாள் இடைவெளியிலும், ஐந்து வாரம் கழித்து வேண்டியதை ஏறத்தாழ பத்து நாள் இடைவெளியிலும் மீண்டும் படித்தவர்களே கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். ஆகவே இன்று தவறிய பாடத்தை இன்றோ நாளையோ ஈடுசெய்துவிட்டு, பத்து நாள் கழித்து ஒரு முறை குறிப்பேட்டைப் பார்க்காமல் சோதித்துப் பாருங்கள். நாட்காட்டியில் அந்தத் தேதிக்கு நேராகப் பாடத்தின் பெயரை எழுதி வைத்தால் போதும், தனித் திட்டம் எதுவும் தேவையில்லை.

அப்படிச் சோதிக்கும்போது கணக்கில் ஒரே வகைக் கணக்குகளை வரிசையாகக் கொடுக்காதீர்கள். பின்னக் கணக்கு ஒன்று, விகிதம் ஒன்று, சமன்பாடு ஒன்று என்று கலந்து கொடுங்கள். ஒரே வகையில் பத்துக் கணக்குகள் செய்யும் குழந்தை, எந்த முறையைப் பயன்படுத்த வேண்டும் என்று முடிவெடுக்கத் தேவையே இல்லாமல் செய்துகொண்டு போகிறது. தேர்விலோ அந்த முடிவுதான் முதல் வேலை. ஏழாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டே ரோரர் என்பவரும் அவருடைய குழுவினரும் 54 வகுப்பறைகளில் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு முன்னறிவிப்பின்றி வைத்த தேர்வில், கலந்த பயிற்சி செய்தவர்கள் 61 விழுக்காடும் வகைவாரியாகச் செய்தவர்கள் 38 விழுக்காடும் எடுத்தார்கள். கலந்து செய்யும்போது பயிற்சி நேரத்தில் பிழைகள் கூடுதலாக வரும், அவளுக்கு எரிச்சலும் வரும். அதைக் கண்டு நீங்கள் பழைய முறைக்குத் திரும்பிவிடாமல் இருப்பதே இதில் கடினமான பகுதி.

வீட்டு நேரத்தை உண்மையில் விழுங்கப்போவது நாடகம் அன்று, அறிவியல் கண்காட்சிதான். செய்து முடிக்க எவ்வளவு காலம் ஆகும் என்பதைப் பெரியவர்களே குறைத்து மதிப்பிடுகிறார்கள். 1994-இல் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன சராசரி ஏறத்தாழ 34 நாள், உண்மையில் ஆனது ஏறத்தாழ 55 நாள். பன்னிரண்டு வயதுக் குழந்தை "இரண்டு நாளில் முடித்துவிடுவேன்" என்று சொன்னால் அதை ஐந்து நாளாக எடுத்துக்கொள்ளுங்கள். கண்காட்சித் தேதியிலிருந்து பின்னோக்கி நாட்களைக் குறியுங்கள். விதை முளைப்பு போன்ற உயிருள்ள சோதனை என்றால், முதல் முறை பாழாகி இரண்டாம் முறை செய்வதற்கான நாட்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தலைப்பை இந்தப் பருவத்தில் தேர்வுக்கு உள்ள அறிவியல் பாடங்களிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். கண்காட்சிக்குச் செய்யும் வேலை அப்படியே தேர்வுக்கான திருப்புதலாகவும் அமைந்துவிடும். எரிமலை பொங்குவது போன்ற காட்சி மாதிரிகளை விட, சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கேள்வி நல்லது: வெளிச்சத்தில் வைத்த விதைகளும் இருட்டில் வைத்த விதைகளும் ஒரே நாளில் முளைக்கின்றனவா? இதில் வெளிச்சம் மட்டுமே மாற வேண்டும். விதையின் வகை, நீரின் அளவு, பாத்திரம், வெப்பம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் ஒரே ஒரு விதை வைத்தால் எதையும் சொல்ல முடியாது என்பதால் குறைந்தது பத்து விதைகள் வைக்க வேண்டும். நாள்தோறும் பார்த்ததை அன்றே எழுத வேண்டும். எதிர்பார்த்த முடிவு வராவிட்டால் அதையே எழுத வேண்டும், நடுவர் கேட்கும் கேள்விகளுக்கு அதுதான் அவளிடம் பதிலாக இருக்கும். அட்டை ஒட்டுவதும் வண்ணம் தீட்டுவதும் கடைசி இரண்டு நாளுக்கு உரியவை. பெற்றோர் இரவெல்லாம் விழித்துச் செய்துகொடுக்கும் பளபளப்பான மாதிரிகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. குழந்தைக்கு அதிலிருந்து கிடைப்பது பெற்றோரின் வேலையைத் தன் வேலை என்று சொல்லும் பயிற்சி மட்டுமே.

களப்பயணத்தைப் பற்றிக் கவலைப்பட அதிகம் இல்லை. ஆனால் முன்தயாரிப்பு வேண்டும். புதிய இடத்துக்குப் போகும் குழந்தைகளின் கவனம் முதலில் அந்த இடத்தின் புதுமையிலேயே செலவாகிறது, பாடத்துக்கு மிஞ்சுவது குறைவு என்று ஃபால்க் என்னும் ஆய்வாளரும் அவருடன் இணைந்தவர்களும் 1978-லேயே காட்டினார்கள். எங்கே போகிறார்கள், எதைப் பார்க்கப்போகிறார்கள், எப்போது சாப்பிடுவார்கள், எங்கே ஓய்வெடுப்பார்கள் என்பதை முன்தினமே தெரிந்துகொண்டு போனால் அந்தச் சுமை குறையும். அங்கே விடை தேட வேண்டிய இரண்டு மூன்று கேள்விகளைப் பாடத்திலிருந்து அவளே எழுதிக்கொள்ளட்டும்.

விளையாட்டு விழா ஒரு நாள் நிகழ்ச்சி. அன்று மாலை பாடம் வேண்டாம்.

தூக்கத்தில் மட்டும் சமரசம் கூடாது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரை, 6 முதல் 12 வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும் 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்கிறது. ஒத்திகையிலிருந்து களைத்து வரும் நாளில் இரவு பதினொரு மணி வரை உட்காரவைத்து ஈடுசெய்யும் பாடம் மறுநாள் காலை வகுப்பையும் சேர்த்துக் கெடுக்கும். வீட்டுப்பாடத்துக்கு வகுப்பு எண்ணைப் பத்தால் பெருக்கிய நிமிடங்கள் என்று கல்வியாளர்களிடையே ஒரு பொதுவிதி வழங்கிவருகிறது. ஏழாம் வகுப்புக்கு அது எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து 70 நிமிடம். ஒத்திகை நாட்களில் அதில் முதல் 20 நிமிடத்தைத் தவறிய சங்கிலிப் பாடத்துக்கு ஒதுக்குங்கள். மீதியை ஒத்திகை இல்லாத நாட்களுக்கும் வார இறுதிக்கும் தள்ளலாம்.

ஆண்டு விழாவுக்கும் தேர்வுக்கும் இடைப்பட்ட பத்து நாட்களில் முதல் நாளே, படிக்கத் தொடங்கும் முன், ஒவ்வொரு பாடத்திலும் பழைய வினாத்தாள் ஒன்றைப் பகுதியளவாவது எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். எது தெரியும், எது தெரியாது என்பது அதில் வெளிப்படும். நாட்களை அதற்கேற்பப் பிரிக்கலாம். முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்குக் கடைசிப் பாடங்களுக்கு நாள் மிஞ்சுவதில்லை.

இனி, விலக்க வேண்டிய நிலை எப்போது வரும்? இரண்டு வாரம் இந்த முறையில் போன பிறகு, தவறிய கணக்குப் பகுதிகளை அவள் உதவியின்றிச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றாலோ, தூக்கம் தொடர்ந்து குறைகிறது என்றாலோ, முதலில் ஒத்திகை நாட்களை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். அவள் இல்லாத காட்சிகளின் ஒத்திகை நேரத்தில் வகுப்புக்குத் திரும்ப அனுமதிப்பார்களா என்றும் கேட்கலாம். அதற்கும் வழியில்லை என்றால் சிறிய வேடத்துக்கு மாறுவதைப் பற்றி அவளிடமே பேசுங்கள். இந்த முடிவை மூன்றாம் வாரத் தொடக்கத்துக்குள் எடுத்துவிட வேண்டும்; விழா நெருங்கிய பிறகு முக்கிய வேடத்திலிருந்து ஒருவர் விலகினால், அந்த வேடத்துக்கு வேறொரு குழந்தையைத் தயார்ப்படுத்த ஆசிரியருக்கு நாள் இருக்காது.