புராஸ்டேட் கதிர்வீச்சு முடிந்து ஆண்டுகள் கழித்து மலத்தில் இரத்தம் வருவது ஏன்?

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் தங்கள் தந்தையாருக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மலத்தில் இரத்தம் வருவதாகவும், மூலம் என்றெண்ணி நாட்டு வைத்தியரிடம் அழைத்துச் செல்லவிருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நிறுத்தி வையுங்கள்.

ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பியான புராஸ்டேட்டை ஒட்டியே பின்புறம் மலக்குடலும் மேலே சிறுநீர்ப்பையும் இருப்பதால், கதிர்வீச்சில் ஒரு பங்கு அவற்றின் மீதும் படுகிறது. அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் மெல்ல அடைபட்டு, எளிதில் கசியும் மெலிந்த குழாய்கள் புதிதாக உருவாகின்றன. மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும், மலம் கழிக்கையில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு இரத்தம் வருவது இதனால்தான். பெரும்பாலோருக்கு இது லேசாகவே இருக்கும். ஆயினும், குடல் புற்றுநோய் இல்லை என்பதை, குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி மூலம் உறுதிசெய்தாக வேண்டும். கதிர்வீச்சு பெற்றவர் என்பதை அந்த மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மலக்குடலின் முன்சுவரில் பரிசோதனைக்கென்று தேவையின்றிச் சதைத்துணுக்கு எடுத்தால், புண் ஆறாமல் சிறுநீர்ப் பாதை வரை துளை விழும் ஆபத்து உண்டு. மூலத்துக்கென்று சதையை அரிக்கும் காரமருந்து வைப்பதை நான் அஞ்சுவதும் இதே காரணத்தால்தான்.

கசிவு நீடித்தால் புண்ணின் மேல் படிந்து காக்கும் சுக்ரால்ஃபேட் மருந்தை ஆசனவாய் வழியே செலுத்தும் எனிமாவும், ஆர்கான் வாயுவால் அக்குழாய்களை மட்டும் கருக்கும் முறையும் பலன் தரும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை, கசிவுக்குப் பயந்து தாமாக நிறுத்தக் கூடாது.

சிறுநீரில் இரத்தம், சிறுநீர் மெல்லிய தாரையாக வருதல், படிப்படியான ஆண்மைக் குறைவு ஆகியவையும் பின்னாளில் வரலாம். கடைசியாகச் சொன்னதை நம் ஊர்ப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதற்கான சில்டெனாஃபில் போன்ற மாத்திரையால் பலருக்குப் பலனுண்டு, ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மருந்து எடுப்பவர்களுக்கு அது ஆகாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்குச் சென்றாலும் வேறெங்கு சென்றாலும், கதிர்வீச்சின் அளவு குறித்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.