வெறுங்கையால் நஞ்சுக்கொடி எடுத்தால்?

கேள்வி: நாலு கறவை மாடு வைத்திருக்கிறோம். ஏழு மாதச் சினையில் ஒன்று கன்று வீசிவிட்டது. விழாமல் நின்ற நஞ்சுக்கொடியை வெறுங்கையால் இழுத்து எடுத்தேன். எனக்கு ஏதும் தொற்றுமா?
– வாசகர், மாதவரம்

பதில்: தொற்றலாம். ஐந்து மாதத்துக்கு மேல் கன்று வீசினால் முதல் சந்தேகம் புரூசெல்லோசிஸ் மேல்தான்; மாட்டிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் பாக்டீரியா நோய் அது. கிருமி மண்டிக் கிடப்பது நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும். நகக்கண்ணில் சின்ன வெடிப்பு இருந்தாலே போதும். காய்ச்சல் பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் வரும், சில மாதம் தள்ளியும் வரலாம். சாயங்காலம் ஏறும், ராத்திரி வியர்த்துக் கொட்டும், இடுப்பும் மூட்டும் வலிக்கும். பார்த்தால் டைபாய்டு போலவே இருக்கும். அதனால் மாடு கன்று வீசிய விஷயத்தை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்கமாட்டார். உறுதியானால் டாக்ஸிசைக்ளினோடு இன்னொரு மருந்தும் சேர்த்து 6 வாரம். பாதியில் விட்டால் திரும்பி வரும்.

மாட்டின் ரத்தத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். நஞ்சுக்கொடியை நாய் இழுக்காதபடி ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதையுங்கள். பாலைப் பொங்கக் காய்ச்சினால் பயமில்லை.

கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் இந்த நோய்க்கு ஒரே தடவை தடுப்பூசி. அது உயிருள்ள கிருமி. போடுபவர் கையில் குத்தினால் அவருக்கே நோய் வரலாம். கன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.