மனைவி சம்பளத்தில் வீடு ஓடினால் குறையா?

கேள்வி: ஐயா, எனக்கு 36 வயது. சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தேன். வெள்ளி விலை ஏற ஏற ஆர்டர் குறைந்து, போன தை மாதம் மூடிவிட்டேன். மனைவி ஐந்து ரோடு பக்கம் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். சமையலும் மகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் இப்போது நான்தான். "பொண்டாட்டி காசுல உக்காந்து தின்னுட்டு இருக்கியா?" என்று ஒரு கல்யாணத்தில் பெரியப்பா மகன் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அப்புறம் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. ராத்திரி தூக்கம் இல்லை. வட்டிக்கு வாங்கியாவது பட்டறையைத் திறந்துவிடலாமா?
- பெயர் வேண்டாம், சிவதாபுரம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் அம்மாபேட்டையில் நான் பிறந்த வீட்டுத் தறிதான் ஞாபகம் வந்தது. அப்பா பட்டு வேட்டி நெய்தவர். அவர் தறிக்குழியில் கால் வைக்கும் முன்பே அம்மா ராட்டையில் உட்கார்ந்து ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருப்பார். இழை அறுந்தால் பிணைக்க ஓடுவதும் அவர்தான். அம்மா காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குத் தறி ஓடாது. ஆனால் முதலாளியின் கணக்கு நோட்டில் அப்பா பெயர் மட்டும்தான். வாரக் கூலியும் அவர் கைக்குத்தான் வரும். ஆம்பளை சம்பாத்தியத்தில் வீடு நடக்கிறது என்று தெருவே சொன்னது, அப்பாவும் நம்பினார். கண்பார்வை மங்கி நெய்ய முடியாமல் போனபோது, "எனக்கு எதுக்குச் சோறு" என்று தட்டைத் தள்ளி வைப்பார். அத்தனை வருஷமும் நெய்தது இரண்டு பேருமாகத்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

உங்கள் ஊரையே பாருங்கள். சலங்கை கோர்த்தும் சங்கிலி இணைத்தும் எத்தனை பெண்கள் வீட்டுத் திண்ணையிலேயே கூலி வாங்குகிறார்கள்! உங்கள் பெரியப்பா வீட்டுச் சோற்றிலும் அந்தக் காசு கலந்திருக்கும்.

வட்டிக்கு வாங்காதீர்கள். கையில் ஆர்டர் இருந்து முதல் இல்லையென்றால் யோசிக்கலாம். ஆர்டரே இல்லாமல் வாங்கும் கடன், அண்ணன் வாயை அடைக்க வாங்குகிற கடன். மகள் பள்ளிக்குப் போன நேரத்தில் வேறு பட்டறையில் கூலிக்கு வேலை கிடைக்குமா என்று கேளுங்கள். வெள்ளி அவர்களுடையது, விலை ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் தலையில் விழாது.

தூக்கம் இல்லை என்பதை ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நம் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். இதைப் படித்ததும் 14416-க்குப் பேசுங்கள். மனநல உதவிக்கான அரசின் டெலி மானஸ் தொலைபேசி சேவை அது. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நேரில் போவதென்றால் சேலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனைவியிடமும் இன்றைக்கே சொல்லுங்கள், நீங்கள் விழித்திருப்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு உறவெல்லாம் வரும். மகள் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். அண்ணன் மறுபடி கேட்டால், "வீட்டை நான் பாத்துக்கறேன், வேலைக்கு அவ போறா அண்ணா" என்று மட்டும் சொல்லுங்கள். முதல் தடவை குரல் நடுங்கும். பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.