குச்சவெளிக்கான மீட்புத் திட்டம்: எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம். அடுத்த புயலோ வெள்ளமோ வருமுன், திருகோணமலைக் கரையோரத்திலுள்ள குச்சவெளி ஊர் மீண்டெழுவதற்கான திட்டத்தில் தங்கள் கடற்றொழிலாளர் சங்கம் எதை முதலில் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். உடைமைப் பதிவேட்டில் தொடங்குங்கள்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின், அலுமாரியில் இருந்த எங்கள் காணி உறுதியை (காணி உரிமைப் பத்திரத்தை) அம்மா வெயிலில் உலர்த்தினார். தாள்கள் ஒட்டிக்கொண்டு, எல்லைகள் குறித்த வரிகளில் மை நீலமாகப் படர்ந்திருந்தது. பிரதி பெறுவதற்குள் ஒரு மாரி கடந்துவிட்டது. ஆகவே உறுதி, வள்ளப் பதிவு, இயந்திர இலக்கம், வலைகளின் விபரம் ஆகியவற்றைப் படமெடுத்து, ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடமும், மற்றொன்றைக் கந்தளாய் போன்ற, கடலிலிருந்து தள்ளியுள்ள ஊரில் இருக்கும் நம்பிக்கையான உறவினரிடமும் வைத்திருங்கள்.

அடுத்தது கிணறு. கடல்நீர் புகுந்த கிணற்றைப் பதற்றத்தில் பலமுறை இறைக்கக் கூடாது. மணற்பாங்கான நம் கரையோரத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே மிதப்பதால், அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். குப்பையை அகற்றி, மெதுவாக ஒருமுறை இறைத்தபின், மழைநீர் ஊறி உப்பைத் தணிக்கும்வரை பொறுக்க வேண்டும். அதுவரை குடிநீர்த் தாங்கி எந்த ஒழுங்கையில் நிற்கும், யார் பங்கிடுவார் என்பதைப் பெயரோடு எழுதுங்கள்.

தற்காலிகக் கொட்டில்களுக்குரிய மேட்டுக்காணியையும் பிரதேச செயலகத்துடன் இப்போதே பேசி முடியுங்கள். 2005இல் வடக்கு கிழக்கில் 200 மீற்றர் கரையோரத் தடைவலயம் (வீடு கட்டத் தடைசெய்யப்பட்ட பகுதி) அறிவிக்கப்பட்டபோது, மாற்றுக்காணி இல்லாத குடும்பங்களே கொட்டில்களில் நெடுங்காலம் தவித்தன. புரட்டாதிக்குள் இவற்றை முடித்தால், ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை ஒத்திகையும் பார்க்கலாம்.